அடுக்குப் பொருள்களில் எலக்ட்ரான் கணக்கு: தாளில் தொடங்கி லேப்டாப் வரை

சேலத்து மாக்கல் சட்டியைக் கத்தியால் குடைந்தே செய்துவிடலாம். அதே ஊர்ச் சுண்ணாம்புக் கரட்டில் கிடைக்கும் வெள்ளைக்கல்லிடம், அதாவது மேக்னசைட்டிடம், அந்த வேலை நடக்காது. இரண்டிலும் மக்னீசியம் இருக்கிறது. ஆனால் மாக்கல்லின் பெரும்பங்கான டால்க், தாள் தாளாக அடுக்கப்பட்ட பொருள். ஒரு தாளுக்குள் அணுக்கள் இறுகப் பிணைந்திருக்கும். தாளுக்கும் தாளுக்கும் நடுவில் வான் டெர் வால்ஸ் விசை மட்டுமே. நகம் பட்டாலே வழுக்கிக்கொண்டு உரிகிறது. மேக்னசைட்டில் மூன்று திசையிலும் பிணைப்பு உண்டு.

எலக்ட்ரான்கள் எந்தெந்த ஆற்றலில் இருக்கலாம் என்று, அதாவது ஆற்றல் பட்டைகள் எப்படி இருக்கும் என்று கணக்கிடுவதுதான் இங்கே வேலை. டால்க் மின்கடத்தாப் பொருள் என்பதால் அந்த எலக்ட்ரான் கணக்குக்கு அவ்வளவு சுவையான ஆள் இல்லை. அதே அடுக்கு அமைப்பு உடைய கிராஃபைட், போரான் நைட்ரைடு, மாலிப்டினம் டைசல்பைடு ஆகியவைதான் நமக்கு வேண்டியவை. எம்.எஸ்சி. கடைசிப் பருவத்தில் புராஜெக்ட் தேடும் இயற்பியல் மாணவருக்கு இதைவிட மலிவான ஆய்வுக்கூடம் கிடையாது. 8 ஜிபி ரேம் உள்ள லேப்டாப், பைத்தான், அதில் நம்பை, சைப்பை, மேட்பிளாட்லிப் என்ற மூன்று நூலகங்கள், ஒரு கோடு போடாத நோட்டு, இவ்வளவே செலவு. அணிகளின் ஐகன் மதிப்பும் கலப்பெண்ணும் தெரிந்திருந்தால் போதும்.

தொடங்குகிறவர்கள் செய்யும் முதல் தவறு, நேராகப் பெரிய மென்பொருளை இறக்கி, மாதிரிக் கோப்பை ஓட்டி, வண்ணப்படம் வந்ததும் முடிந்தது என்று நினைப்பது. படம் எப்போதும் வரும். தப்பான அணியும் அழகான வளைகோடுதான் வரையும். ஆகவே கீழே ஒவ்வொரு படியிலும் ஓர் எண் தரப்பட்டிருக்கிறது. அந்த எண்ணோடு டேலி ஆகாமல் அடுத்த படிக்குப் போகக் கூடாது. மளிகைக் கடைக் கணக்குக்கு உள்ள அதே ஒழுங்கு.

குறியீடுகள் சில: அணிக்கோவை மாறிலி (திரும்பத் திரும்ப வரும் அலகுக்கூட்டின் பக்க நீளம்) அ, ஓர் அணுவிலிருந்து அடுத்ததற்கு எலக்ட்ரான் தாவும் ஆற்றல் த, அடுக்குகளுக்கு இடையிலான செங்குத்துத் தாவல் செ. ஆற்றல் எல்லாம் எலக்ட்ரான் வோல்ட்டில் (எ.வோ.), நீளம் ஆங்ஸ்ட்ராமில்.

படி 1: தேன்கூட்டை நோட்டில் வரைதல்

கிராஃபீன் என்பது கிராஃபைட்டின் ஒற்றைத் தாள். கார்பன் அணுக்கள் அறுகோண வலையாக நிற்கின்றன. அ = 2.46 ஆங்ஸ்ட்ராம்; அடுத்தடுத்த இரு அணுக்களின் இடைவெளி அதை √3-ஆல் வகுத்தது, 1.42. அலகுக்கூட்டில் இரண்டு அணுக்கள். அவற்றை இடது, வலது என்று பெயரிட்டுக்கொள்வோம்.

அடிப்படை வெக்டர்கள் இரண்டையும் 60 பாகைக் கோணத்தில் எடுக்கவும்: முதலாவது (அ, 0), இரண்டாவது (அ/2, √3 அ/2). இடது அணு மூலப்புள்ளியில். வலது அணு இரு வெக்டர்களின் கூட்டலில் மூன்றில் ஒரு பங்கில். இடது அணுவுக்கு மூன்று அண்டை வலது அணுக்கள்: ஒன்று அதே கூட்டில், ஒன்று முதல் வெக்டர் அளவு பின்னால் உள்ள கூட்டில், ஒன்று இரண்டாம் வெக்டர் அளவு பின்னால் உள்ள கூட்டில். மூன்றின் தொலைவையும் கையால் கணக்கிடுங்கள். மூன்றும் 1.42 வர வேண்டும், ஒன்றுக்கொன்று 120 பாகை விலகியிருக்க வேண்டும். ஒன்று மட்டும் 3.76 வந்தால் பின்னால் போக வேண்டிய இடத்தில் முன்னால் போயிருக்கிறீர்கள்.

கோணத்தை 60 என்று எடுப்பதா, 120 என்று எடுப்பதா? இரண்டும் புழக்கத்தில் உள்ளன, இரண்டும் சரி. ஒன்றின் ஆயத்தொலைகளை மற்றதில் போடுவதுதான் தப்பு. எலக்ட்ரானின் அலைவெக்டர்கள் அடங்கும் அறுகோணமான பிரில்லுவான் மண்டலத்தின் மூலைதான் கே முனை. 60 பாகை முறையில் அது (2/3, 1/3). 120 பாகை முறையில் அது (1/3, 1/3). ஏதோ ஓர் ஆய்வுக்கட்டுரையில் பார்த்த (1/3, 1/3)-ஐ 60 பாகை நிரலில் போட்டுவிட்டு, கிராஃபீனில் பட்டைகளுக்கு நடுவே ஆற்றல் இடைவெளி திறந்துவிட்டது என்று மகிழ்கிறவர்கள் ஆண்டுதோறும் உண்டு.

படி 2: இரண்டுக்கு இரண்டு அணி

கார்பனின் நான்கு இணைதிறன் எலக்ட்ரான்களில் மூன்று தாளுக்குள் பிணைப்பாகிவிடுகின்றன. தாளுக்குச் செங்குத்தாக நிற்கும் பை ஆர்பிட்டாலில் உள்ள நான்காவதுதான் ஓடித் திரிகிறது. அணுவுக்கு ஓர் ஆர்பிட்டால், கூட்டுக்கு இரண்டு அணு. ஆகவே 2 × 2 அணி. இந்தக் கணக்கைப் பி. ஆர். வாலஸ் 1947-லேயே கிராஃபைட்டுக்காகப் போட்டுவிட்டார். மான்செஸ்டரில் கைமும் நோவோசெலோவும் ஒற்றைத் தாளை உரித்து, அதன் மின்பண்பை அளந்து வெளியிட்டது 2004-ல். நோபல் பரிசு 2010-ல். கணக்கு பொருளுக்காக அரை நூற்றாண்டுக்கு மேல் காத்திருந்தது.

எலக்ட்ரான் அலை ஒரு கூட்டிலிருந்து அடுத்த கூட்டுக்குப் போகும்போது அதன் கட்டம் மாறுகிறது. முதல் வெக்டர் திசையில் மாறும் கட்டம் உ, இரண்டாவது திசையில் ஊ என்க. மூன்று அண்டை அணுக்களின் கட்டக் காரணிகளைக் கூட்டினால் கிடைப்பது ப. முதல் அண்டைக்குக் காரணி 1. இரண்டாவதற்கு, கோசைன்(உ)-வில் கற்பனை அலகு மடங்கு சைன்(உ)-வைக் கழித்தது. மூன்றாவதற்கு அதேபோல் ஊ-வைக் கொண்டு.

அணியின் மூலைவிட்டத்தில் இரண்டும் சுழி. மேல் வலப்பக்கம் −த × ப. கீழ் இடப்பக்கம் அதன் இணைக் கலப்பெண். ஐகன் மதிப்புகளைக் கையாலேயே எழுதலாம்:

ஆற்றல் = ± த × |ப|

|ப|² = 3 + 2 கோசைன்(உ) + 2 கோசைன்(ஊ) + 2 கோசைன்(உ − ஊ)

த-வுக்கு 2.7 எடுத்துக்கொள்வோம் (2.7 முதல் 3.0 வரை புழக்கத்தில் உண்டு). பிரில்லுவான் மண்டலத்தின் முக்கிய முனைகளில் (காமா அதன் நடு, கே மூலை, எம் விளிம்பின் நடு) கால்குலேட்டரிலேயே போட்டுப் பாருங்கள். உ, ஊ இரண்டும் பின்ன ஆயத்தொலையை 360 பாகையால் பெருக்கியவை.

காமா முனை (0, 0): |ப| = 3, ஆற்றல் ±8.1.
காமாவுக்கும் கே-க்கும் நட்டநடுவில் (1/3, 1/6): |ப| = 2, ஆற்றல் ±5.4.
கே முனை (2/3, 1/3): |ப| = 0. இரண்டு பட்டைகளும் தொடுகின்றன.
கே-க்கும் எம்-க்கும் நடுவில் (7/12, 1/6): ±1.98.
எம் முனை (1/2, 0): ±2.7.

மூன்று முனைகளை மட்டும் பார்த்தால் ஆகாதா, நடுப்புள்ளிகள் எதற்கு என்ற கேள்வி வரும். முனைகளில் கோசைன்கள் எல்லாம் எளிய எண்களாகி, தவறுகள் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு மறைந்துவிடும். உ − ஊ என்று இருக்க வேண்டிய இடத்தில் உ + ஊ என்று எழுதினாலும் காமாவிலும் எம்-மிலும் விடை சரியாகவே வரும். கே-யிலும் நடுப்புள்ளிகளிலும்தான் பிடிபடும்.

படி 3: அதையே நிரலாக்குதல்

கையால் வந்த விடையை இப்போது கணினியிடம் வாங்க வேண்டும். சூத்திரத்தை நிரலில் எழுதாதீர்கள். அணியை எழுதி ஐகன் மதிப்பை எடுங்கள். நாளைக்கு நான்கு அணு, ஆறு அணு என்று வளரும்போது சூத்திரம் கைகொடுக்காது.

நம்பையில் ஐகன் மதிப்புக்கு இரண்டு செயற்கூறுகள் உள்ளன: பொதுவான அணிக்கு ஒன்று, பெயரின் கடைசியில் ‘எச்’ சேர்ந்தது ஹெர்மிஷியன் அணிக்கு. எப்போதும் இரண்டாவதையே பயன்படுத்தவும். பொதுவானது விடைகளை வரிசைப்படுத்தாது. பட்டைகள் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தாவி படம் சிலந்திவலை ஆகிவிடும். ஆனால் ‘எச்’ செயற்கூறுக்கு ஒரு பழக்கம்: அணியின் கீழ்ப்பாதியை மட்டுமே படித்துக்கொண்டு, மேல்பாதியை அதன் இணை என்று தானே எடுத்துக்கொள்ளும். நீங்கள் மேல்பாதியை மட்டும் நிரப்பிவிட்டுக் கீழ்ப்பாதியைச் சுழியாக விட்டால் பிழைச்செய்தி வராது; எல்லா ஆற்றலும் சுழி என்று அமைதியாகச் சொல்லும். அணி தயாரானதும் அதிலிருந்து அதன் இணைமாற்று அணியைக் கழித்து, எல்லா உறுப்பும் சுழிதானா என்று சோதிக்கும் ஒரு வரியை நிரலிலேயே நிரந்தரமாக வைத்துவிடுங்கள்.

கோசைன் செயற்கூறு ரேடியனில்தான் வாங்கும். சொல்லத் தேவையில்லை என்று தோன்றும்; ஆனாலும் சொல்ல வேண்டியிருக்கிறது.

அடுத்து, பட்டைப் படம் வரையும் பாதை. இதைச் சேலம்–ஏற்காடு பேருந்து போலப் பாருங்கள். இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் நிறுத்தங்களாக எடுத்து, ஒவ்வொன்றின் உயரத்தையும் வரைபடத்தில் குறிக்கிறோம் என்று வையுங்கள். நிறுத்தங்களைச் சம இடைவெளியில் குறித்தால் சரிவு பொய்யாகிவிடும். கடந்த தூரத்தை வைத்துத்தான் குறிக்க வேண்டும். இங்கும் அப்படியே. காமா–கே நீளம் 1.703, கே–எம் 0.851, எம்–காமா 1.475 (அலகு: ஆங்ஸ்ட்ராமின் தலைகீழ்). மூன்று துண்டுக்கும் ஐம்பது ஐம்பது புள்ளி போட்டு வரிசை எண்ணை அச்சில் வைத்தால், கே முனையின் இருபுறமும் ஒரே சரிவில் இறங்க வேண்டிய கோடுகள் ஒருபுறம் செங்குத்தாகவும் மறுபுறம் படுத்தும் கிடக்கும். வேகம் கணக்கிடும்போது மாட்டிக்கொள்வீர்கள்.

இன்னொரு நுட்பமான பொறி: எம் முனைகள் மூன்று வகை, மூன்றிலும் ஆற்றல் ஒன்றே. கே (2/3, 1/3)-லிருந்து (1/2, 0)-க்குப் போனால் மண்டலத்தின் விளிம்பிலேயே போகிறீர்கள். (0, 1/2)-க்குப் போனால் மண்டலத்தின் குறுக்கே வெட்டிக்கொண்டு போகிறீர்கள், நீளம் 2.253 வரும். இரு முனைகளிலும் எண் டேலி ஆகும், நடுவில் உள்ள வளைவு முழுக்கத் தப்பாக இருக்கும். நீளத்தையும் ஒத்துப்பார்க்கச் சொல்வது இதனால்தான்.

இப்போது வேகம். கே முனையருகே பட்டை நேர்கோடு. அதன் சரிவு √3 × அ × த ÷ 2. எண்ணாக 5.75 எ.வோ.–ஆங்ஸ்ட்ராம். பிளாங்க் மாறிலியால் (2பை வகுத்தது) வகுத்தால் நொடிக்கு 8.7 × 10⁵ மீட்டர். சோதனையில் கிடைப்பது 10⁶ அளவு, த-வை 3.0 ஆக்கினால் 9.7 × 10⁵ வரும். உங்கள் படத்தில் கே-யை ஒட்டிய இரு புள்ளிகளின் சரிவை எடுத்து இதனோடு ஒப்பிடுங்கள். பத்து மடங்கு தள்ளி வந்தால் நானோமீட்டரையும் ஆங்ஸ்ட்ராமையும் கலந்திருக்கிறீர்கள்.

நிலையடர்த்தி

பாதையில் மட்டும் போனால் மலை தெரியாது. முழு நிலப்பரப்பையும் வலை போட்டு அளக்க வேண்டும். உ, ஊ இரண்டையும் சமமாகப் பிரித்து எல்லாப் புள்ளிகளிலும் ஆற்றலைக் கணக்கிட்டு, எந்த ஆற்றலில் எத்தனை நிலை என்று எண்ணுவதுதான் வேலை. இங்கே ஒரே ஒரு எச்சரிக்கை, ஆனால் பெரிய எச்சரிக்கை. வலையின் எண்ணிக்கை மூன்றின் மடங்காக இருந்தால்தான் கே முனை வலையில் சரியாக விழும். 99 × 99 வலையில் விழும். 100 × 100 வலையில் விழாது. மிக அருகிலுள்ள புள்ளியே 0.1 எ.வோ. உயரத்தில் இருக்கும். மேலும் கீழும் சேர்த்து 0.2 எ.வோ. அளவுக்கு இல்லாத இடைவெளியைக் காட்டும். வலை அடர்த்தியைக் கூட்டும்போது இடைவெளி சுருங்கிக்கொண்டே போனால் அது வலையின் கோளாறு; பொருளின் பண்பு அல்ல.

படத்தை வழவழப்பாக்க ஒவ்வொரு நிலையையும் சற்று அகலப்படுத்துவார்கள். 300 × 300 வலையில் கே-யருகே அடுத்தடுத்த புள்ளிகளின் ஆற்றல் இடைவெளி சுமார் 0.057 எ.வோ. அகலத்தை அதைவிடக் குறைத்தால் சுழியருகே பல் பல்லாகத் தெரியும். 600 × 600 போட்டு 0.05 வைத்தால் சரியாக இருக்கும். மூன்று லட்சத்து அறுபதாயிரம் சின்ன அணிகளையும் ஒரே அடுக்காக நம்பையிடம் கொடுத்தால் நொடிக்கணக்கில் முடிந்துவிடும். சுழியில் ‘வி’ வடிவப் பள்ளம், ±2.7-ல் கூர்மையான முகடு. முகடு வேறெங்காவது நின்றால் படி 2-க்குத் திரும்புங்கள்.

போரான் நைட்ரைடுக்கு இதே நிரலில் மூன்று எண் மாற்றினால் போதும். அ = 2.50, மூலைவிட்டத்தில் போரானுக்கு +3, நைட்ரஜனுக்கு −3. கே-யில் 6 எ.வோ. இடைவெளி திறக்கும். இரு அணுக்களும் வேறுவேறு என்பதால் வந்த இடைவெளி அது. மின்கடத்தி ஒன்றைக் கடத்தாப் பொருளாக மாற்ற மூலைவிட்டத்தில் இரண்டு எண் போதுமானதாக இருக்கிறது.

படி 4: இரண்டாவது தாளை வைத்தல்

இங்கிருந்துதான் ‘அடுக்கு’ என்ற சொல்லுக்கு வேலை. கிராஃபைட்டில் தாள்களின் இடைவெளி 3.35 ஆங்ஸ்ட்ராம். மேல் தாள் அப்படியே கீழ்த் தாள் மேல் பொருந்தி உட்காருவதில்லை. ஓர் அணு அளவு தள்ளி உட்காருகிறது. கீழ்த் தாளின் வலது அணுவுக்கு நேர் மேலே மேல் தாளின் இடது அணு. மற்ற இரண்டு அணுக்களும் எதிர்த்தாளின் அறுகோணத்தின் நடுவே. இதுதான் பெர்னல் அடுக்கு.

அணி 4 × 4 ஆகும். வரிசை: கீழ் இடது, கீழ் வலது, மேல் இடது, மேல் வலது. முதல் இரண்டுக்கும் பழைய 2 × 2. கடைசி இரண்டுக்கும் அதே 2 × 2, ப-வும் அதே ப. நடுவில் கீழ் வலதையும் மேல் இடதையும் இணைக்கும் செ = 0.4 எ.வோ. அந்த ஓர் உறுப்பும் அதன் இணையும் மட்டும்தான் புதிது. மேல் தாள் தள்ளி இருப்பதால் ப-வை மாற்ற வேண்டுமோ என்று குழம்ப வேண்டாம். கூட்டை வைத்துக் கட்டம் எண்ணும் முறையில் மாற்றம் இல்லை. அணு இருக்கும் இடத்தையே வைத்துக் கட்டம் எண்ணும் இன்னொரு முறையும் உண்டு; அதுவும் சரியே. ஒரே அணியில் பாதி உறுப்புகளை அந்த முறையிலும் மீதியை இந்த முறையிலும் எழுதுவதுதான் நோய். அறிகுறி: (2/3, 1/3)-ல் ஒரு விடை, அதன் இரட்டையான (1/3, 2/3)-ல் வேறு விடை. இரண்டிலும் ஒரே விடை வர வேண்டும்.

கே முனையில் ப சுழி. எனவே தாளுக்குள் தாவல் அணைந்து, செங்குத்துத் தாவல் மட்டுமே மிஞ்சும். விடை: −0.4, 0, 0, +0.4. சுழியில் தொடும் இரு பட்டைகளும் இனி நேர்கோடு அல்ல, பரவளையம். எலக்ட்ரானுக்கு நிறை வந்துவிட்டது: செ-யை வேகத்தின் வர்க்கத்தின் இருமடங்கால் வகுத்தது. த = 2.7 எனில் சாதாரண எலக்ட்ரான் நிறையில் 0.046 பங்கு. மூன்று தாளுக்கு நீட்டி, மூன்றாவதை முதலாவதன் நேர் மேலே வைத்தால் கே-யில் 0.4 × √2, அதாவது ±0.566-உம் மீதி நான்கு சுழிகளும் வர வேண்டும். நிரல் எத்தனை தாளுக்கும் ஓடும்படி எழுதியிருக்கிறீர்களா என்பதற்கு இது நல்ல சோதனை.

இப்போது இரு தாள்களுக்கும் இடையே மின்னழுத்தம் கொடுப்போம்; அதனால் தாள்களுக்கிடையே வரும் ஆற்றல் வேறுபாடு வே. கீழ்த் தாளின் இரு மூலைவிட்ட உறுப்புகளில் +வே/2, மேல் தாளில் −வே/2. கே முனையில் பார்த்தால் நடுப் பட்டைகளுக்கிடையே சரியாக வே அளவு இடைவெளி. அதையே அறிக்கையில் எழுதிவிடுகிறார்கள். தப்பு. உண்மையான இடைவெளி கே-யில் இல்லை. கே-யைச் சுற்றிய ஒரு சின்ன வளையத்தில் இருக்கிறது. பட்டையின் அடி நடுவில் சற்று மேடிட்டு, சுற்றிலும் அகழி போல் தாழ்ந்திருக்கும். சூத்திரம்:

இடைவெளி = வே × செ ÷ √(வே² + செ²)

வே = 0.4 என்றால் 0.283. கே-யில் 0.4 என்று படித்தவர் பெரிய அளவில் ஏமாந்திருப்பார். வே = 0.1 என்றால் 0.097, வித்தியாசம் சின்னது, ஆனால் வளையத்தின் ஆரமும் சின்னது, 0.012 மட்டுமே. காமா–கே பாதையில் ஐம்பது புள்ளி போட்டால் இரு புள்ளிக்கு நடுவே 0.034. அகழி முழுவதும் இரண்டு புள்ளிக்கு நடுவில் விழுந்து தெரியாமலே போகும். கே-யிலிருந்து 0.05 தூரத்துக்குள் மட்டும் இருநூறு புள்ளி போட்டுத் தனியாக ஒரு படம் எடுங்கள்.

வே-யை எவ்வளவு கூட்டினாலும் இடைவெளி செ-யைத் தாண்டாது. மின்னழுத்தத்தால் திறந்து மூடக்கூடிய இந்த இடைவெளியைச் சோதனையில் 0.25 எ.வோ. வரை 2009-ல் காட்டியிருக்கிறார்கள்.

படி 5: மாலிப்டினம் டைசல்பைடு, சுருக்கமாக

அணுவுக்கு ஓர் ஆர்பிட்டால் என்ற வசதி இங்கே இல்லை. கே-யருகே உள்ள நிலைகளைச் செய்வது மாலிப்டினத்தின் ‘டி’ ஆர்பிட்டால்கள். குறைந்தது மூன்று வேண்டும். 3 × 3 அணி மாதிரி ஒன்று 2013-லிருந்து புழக்கத்தில் உண்டு. கே-யருகே நன்றாக ஒத்துப்போகும். கந்தகத்தின் பங்கு அதில் நேரடியாக இல்லாததால் காமாவருகே நம்பக் கூடாது. அடுக்குகளைச் சேர்க்கும்போது மாறுவது காமாதான். ஒற்றைத் தாளில் இடைவெளி கே-யிலேயே நேராக, ஒளியியல் அளவீட்டில் 1.8–1.9 எ.வோ.; கட்டியாக இருக்கும்போது இணைதிறன் பட்டையின் உச்சி காமாவுக்கு மாறி, இடைவெளி மறைமுகமாகி 1.3 அளவுக்கு இறங்குகிறது. ஆக, பல அடுக்குக்கு மூன்று ஆர்பிட்டால் மாதிரியை நீட்டுவது வீண் வேலை.

அங்கே குவாண்டம் எஸ்பிரெஸ்ஸோ போன்ற டிஎஃப்டி (அடர்த்திச் சார்பியக் கோட்பாடு) மென்பொருளில் கணக்கிட்டு, வேனியர்90 மூலம் தாவல் ஆற்றல்களைப் பிரித்தெடுப்பதே வழி. அதில் கவனிக்க வேண்டியவை நான்கு. தாளுக்கு மேலே 15 முதல் 20 ஆங்ஸ்ட்ராம் வெற்றிடம் விடவும்; குறைத்தால் மென்பொருள் மேலே அடுக்கிப் பார்க்கும் நிழல் தாள்களோடு உங்கள் தாள் பேச ஆரம்பித்துவிடும். ஒற்றைத் தாளுக்கு அலைவெக்டர் வலை 12 × 12 × 1 போதும். 12 × 12 × 12 என்று போட்டால் விடை மாறாது, நேரம்தான் பல மடங்கு தின்னும். அடுக்கு இடைவெளியைத் தளர்த்திக் காணும்போது வான் டெர் வால்ஸ் திருத்தம் கட்டாயம். டிஎஃப்டியில் வழக்கமான தோராயமான பிபிஇ முறை தனியாக இருந்தால் அடுக்குகள் விலகி மிதக்கும். கடைசியாக, சுழல்–சுற்றுப்பாதைப் பிணைப்பைப் போட்டால் கே-யில் இணைதிறன் பட்டை 0.15 எ.வோ. அளவுக்குப் பிளக்க வேண்டும். பிளக்கவில்லையென்றால் முழுச் சார்பியல் போலிப்பொட்டென்ஷியல் கோப்பை வைக்க மறந்திருக்கிறீர்கள்.

படி 6: முறுக்கிய இரட்டைத் தாள்

இரண்டு கொசுவலைத் துணியை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து மேலதைச் சற்றே திருப்பினால் பெரிய பெரிய அலைக்கோலம் தெரியும். தறி வீடுகளில் பாவு வரிசை லேசாகச் சாய்ந்தால் துணியை மடிக்கும்போது தெரியும் அதே கோலம்தான். திருப்பும் கோணம் குறையக் குறையக் கோலம் பெரிதாகும். கிராஃபீனில் கோலத்தின் அளவு அ ÷ (2 × சைன்(கோணத்தின் பாதி)). 1.05 பாகையில் 134 ஆங்ஸ்ட்ராம். இந்தக் கோணத்தருகே பட்டை தட்டையாகிவிடும் என்று பிஸ்ட்ரிட்சரும் மெக்டொனால்டும் 2011-ல் கணக்கிட்டார்கள். 2018-ல் ஹரில்லோ-ஹெரேரோ குழு எம்ஐடியில் அங்கே 1.7 கெல்வினில் மீக்கடத்தலையே கண்டது.

எல்லாக் கோணத்திலும் கோலம் கச்சிதமாகத் திரும்ப வராது. திரும்ப வரும் கோணங்களுக்கு ம என்ற முழு எண் ஒன்று: கூட்டில் உள்ள அணுக்கள் 4 × (3ம² + 3ம + 1). ம = 1 எனில் 28 அணு, 21.79 பாகை. ம = 6 எனில் 508 அணு, 5.09 பாகை. ம = 31 எனில் 11,908 அணு, 1.05 பாகை. 28-ல் தொடங்கி 508-ல் பழகவும். நேராக 11,908-க்குப் போகக் கூடாது. அந்த அணியைச் சேமிக்கவே 2.27 ஜிபி வேண்டும். ஐகன் கணக்கின் நடுவே அதுபோல் இன்னும் இரண்டு மூன்று பிரதி எடுக்கும், 8 ஜிபி லேப்டாப் உறைந்துபோகும். நேரமோ அளவின் மும்மடிக்குப் போகும்: 508-க்கு அரை நொடி என்றால் 11,908-க்கு ஒரு புள்ளிக்கே ஒன்றே முக்கால் மணி. ஆகவே சைப்பையின் ஐதான அணி வசதியில், சுழி அல்லாத உறுப்புகளை மட்டும் வைத்து, வேண்டிய ஆற்றலருகே இருபது முப்பது ஐகன் மதிப்புகளை மட்டும் கேட்கவும்.

அணுக்கள் நேருக்கு நேர் இல்லாததால் தாவலைத் தொலைவின் சார்பாக எழுத வேண்டும். புழக்கத்தில் உள்ள எண்கள்: தாளுக்குள் −2.7 எ.வோ. (1.42-ல்), செங்குத்தாக +0.48 (3.35-ல்), இரண்டும் 0.453 ஆங்ஸ்ட்ராமுக்கு ஒருமுறை இயற்கை மடக்கை அடிமானத்தால் (2.718) வகுபட்டுத் தேயும். இரு அணுக்களை இணைக்கும் கோடு செங்குத்திலிருந்து சாய்ந்திருந்தால், செங்குத்துக் கோசைனின் வர்க்கம் 0.48-க்கும் மீதிப் பங்கு −2.7-க்கும் எடை.

எந்தத் தொலைவில் வெட்டுவது? ஒரே தாளில் பழகியவர் 5 ஆங்ஸ்ட்ராம் தாராளம் என்று நினைப்பார். அங்கே அடுக்குகளுக்கு இடையில் இன்னும் 0.005 எ.வோ. மிச்சம் இருக்கிறது. தட்டைப் பட்டையின் அகலமே 0.01 எ.வோ. அளவு, எடைக்கல்லே பொருளில் பாதிக் கனம் என்றால் என்னவென்று நிறுப்பது? 6-ல் வெட்டினால் மிச்சம் 0.0004. இன்னும் 7-க்குப் போட்டுப் பார்த்து, படம் அசையவில்லை என்று உறுதிசெய்துகொள்ளவும்.

அடுத்துக் கோட்டை விடும் இடம்: பட்டைகள் தொடும் ஆற்றல் இனி சுழி அல்ல. இந்தத் தேய்மானத்தில் 2.46 ஆங்ஸ்ட்ராமில் உள்ள இரண்டாம் அண்டைக்கும் −0.27 கிடைக்கிறது, அது கே முனையைச் சுமார் 0.8 எ.வோ. மேலே தள்ளுகிறது. சுழியருகே முப்பது ஐகன் மதிப்பைக் கேட்டுவிட்டுத் தட்டைப் பட்டை காணோம் என்று தேடுவது இதனால்தான். முதலில் ஒற்றைத் தாளில் இதே தொலைவுச் சார்பைப் போட்டு, கே எங்கே நிற்கிறது என்று நான்கு தசம இடத்துக்குக் குறித்துக்கொண்டு, அந்த எண்ணையே இலக்காகக் கொடுக்கவும். 508 அணுவில் சரிபார்க்க: கே-யருகே நேர்கோட்டுப் பட்டைகளின் வேகம் ஒற்றைத் தாளின் வேகத்தைவிடச் சற்றே குறைந்திருக்கும், அவ்வளவுதான். சரிபாதியாகக் குறைந்தால் அடுக்கு இடைவெளியைத் தவறாகக் கொடுத்திருக்கிறீர்கள்.

1.05 பாகைக்குப் போகும்போது அணுக்கள் விறைப்பாக நிற்கவில்லை என்பதையும் நினைவில் வையுங்கள். அணுவுக்கு மேல் அணு நிற்கும் இடங்கள் சுருங்கி, பெர்னல் அடுக்காக உள்ள இடங்கள் விரியும். விறைப்பான அணுக்களோடு போட்ட கணக்கில் தட்டைப் பட்டைக்கும் மற்றவற்றுக்கும் இடையிலுள்ள இடைவெளி சரியாக வராது. முதல் புராஜெக்டுக்கு விறைப்பான கணக்கே போதும். அப்படித்தான் போட்டோம் என்று அறிக்கையில் ஒரு வரி எழுதிவிட வேண்டும்.

இந்த அளவுக் கணக்கு இரவெல்லாம் ஓடும். விடைகளை நினைவகத்தில் சேர்த்துக்கொண்டே போய்க் கடைசியில் ஒரே கோப்பாக எழுதாதீர்கள். ஒவ்வொரு அலைவெக்டர் புள்ளி முடிந்ததும் அதன் விடையைத் தனி வரியாகக் கோப்பில் சேர்த்து மூடிவிடவும். நிரல் தொடங்கும்போது ஏற்கெனவே உள்ள வரிகளைப் படித்து, முடிந்த புள்ளிகளைத் தாண்டிப் போகும்படி எழுதவும். விடிகாலையில் மின்சாரம் போய் பேட்டரியும் இறங்கியிருந்தால், தொலைவது ஒரு புள்ளியோடு நிற்கும்.